நாய் தொட்ட கை

1

நேற்று எங்கள் கல்யாண நாள். பத்து வருஷம் முடிந்தது. நம் ஊரில் கல்யாணமானவர்கள் அந்தத் தேதியை மறந்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். இங்கே மலேயாவில் அப்படி விட மாட்டார்கள். (நாட்டுக்கு இப்போது மலேசியா என்று பெயர். என் வாய்க்கு இன்னும் மலேயாதான் வருகிறது.) மகள் கோமதிக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத் தோழி வீட்டில் பார்த்துவிட்டு வந்து, நாங்களும் மெழுகுவத்தி ஏற்றிக் கேக் வெட்டியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். குழந்தை ஆசைப்படுகிறது, போகட்டும் என்று சலவை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எரிகிற திரியை வாயால் ஊதி அணைக்க வேண்டுமாம். அணைத்தேன். ஊதின எச்சில் எல்லாம் கேக் மேல்தான் விழுந்திருக்கும். அதைத்தான் வெட்டி எல்லாரும் தின்ன வேண்டும். இதையே குமட்டலோடு நினைத்துக்கொண்டு கத்தியை எடுக்கும்போது பிரின்ஸ் உள்ளே வந்தது.

பிரின்ஸ் என்பது எங்கள் வீட்டு நாய். நான் கணக்கு எழுதும் ஈயச் சுரங்க ஆபீஸில் இருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது கோமதியிடம் கொடுத்துவிட்டுப் போனார். உடம்பெல்லாம் சடை. முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று அது நடக்கும்போதுதான் தெரியும். நேற்று அது மீன் கடைக்குப் பின்னால் கொட்டிக் கிடக்கும் குடலிலும் செதிலிலும் நன்றாகப் புரண்டுவிட்டு, ஆசையோடு ஓடிவந்து என் நெஞ்சில் இரண்டு காலையும் வைத்தது.

சைவச் சாப்பாட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். அழுகின மீன் நாற்றம் மூக்கில் ஏறினால் எனக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது. அந்த நாய் கழுத்துச் சடையில் ஒரு மீன் கண் ஒட்டிக்கொண்டிருந்தது. அது என்னையே பார்த்தது.

இங்கே குளியலறையில் சிமெண்டுத் தொட்டி கட்டியிருப்பார்கள். அதில் மொண்டு ஊற்றிக் குளிப்பது வழக்கம். மனுஷர் குளிக்கிற அதே இடத்தில்தான் நாயையும் நிறுத்திக் குளிப்பாட்ட வேண்டியிருக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். சடைக்குள் விரல் விட்டால் என்னவெல்லாமோ கையில் வருகிறது. நடுவில் அது ஒரு உதறு உதறியது. நான் அந்த நேரம் வாயைத் திறந்து திட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தண்ணீரில் பாதி என் வாய்க்குள் போனது. இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

கோமதி கதவருகே நின்றுகொண்டு, "அப்பா, பிரின்ஸ் அழுறாங்க. நீ மெதுவா பண்ணு" என்றாள். இங்கே வளரும் பிள்ளைகளின் தமிழ் இப்படித்தான் ஆகிவிட்டது. நாய்க்கு மரியாதை, தகப்பனுக்கு இல்லை. திருத்தினால் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவாள். அவள் என்னோடு பேசுவதைவிட நாயோடு பேசுவது அதிகம், அதுவும் முழுக்க இங்கிலீஷில்.

என் மனைவி வேலம்மாள் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் கேக்கோடு சிரித்தாள்.

"கல்யாணத்தன்னைக்கு நாயி. கல்யாண நாளுக்கும் நாயி. உங்க தலையில அப்படி எழுதியிருக்கு, என்ன செய்ய முடியும்?"

அவள் சொன்னது நிஜம். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு, இவன் அக்கரைக்குப் போய் நாய் குளிப்பாட்டுகிறான் என்று சிரிப்பாக இருக்கும். அக்கரையில் கற்றுக்கொண்ட தொழில் இல்லை ஐயா இது. தென்காசியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் கற்றது.

2

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்து, முதல் லீவில் ஊருக்கு வந்தபோது எனக்குக் கல்யாணம் முடித்தார்கள். வைகாசியில் கல்யாணம், ஆவணியில் கப்பல். பெண் திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் காட்டு ஊர். எங்கள் ஆட்கள்தான். ஆனால் அங்கே போய்க் குடியேறி மூன்று தலைமுறை ஆகிவிட்டதால் அந்தப் பக்கத்துப் பழக்கங்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

சீர் சாமான்கள் பருத்தி லாரியில் வந்து இறங்கின. அண்டா, குத்துவிளக்கு, டிரங்குப் பெட்டி, மெத்தை. மெத்தைமேல் ஒரு நாய். பால் நிறத்தில், ஒட்டின வயிறும் நீண்ட காலுமாக, விலா எலும்பு தெரிய நின்றது. லாரிக்காரன் கூட்டி வந்த நாய் என்று நினைத்து, அம்மா அதற்கு நேற்றைய சோற்றைக்கூட எடுத்துப் போட்டாள். லாரி கிளம்பிப் போயிற்று. நாய் போகவில்லை. பட்டாசலில், அதாவது எங்கள் பக்கத்து வீடுகளின் நடுக்கூடத்தில், புதுப்பெண் உட்கார்ந்திருந்த பாய்க்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது.

"என்ன இது? லாரியோட வந்த நாயி லாரியோட போகலியா?" என்றாள் அம்மா.

வேலம்மாள் தலையைக் குனிந்தபடியே சொன்னாள்: "அது லாரி நாயி இல்ல அத்தே. என் சீரு."

அந்தப் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது, கூடவே ஒரு கன்னி நாயையும் கொடுத்து அனுப்புவது உண்டாம். முயல் விரட்டுகிற சாதி நாய் அது. பெண் போகிற வீட்டில் அவளுக்கு ஒரு துணை இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். அதற்குச் சிட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அம்மா காசி விசுவநாதர் கோயிலுக்கு ஒரு வேளைப் பிரசாதம் செய்து கொடுக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அடுக்களைதான் அவளுக்குக் கோயில். வாசலில் நாய் ஏறினாலே மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறவள், நடுவீட்டில் நாயைப் பார்த்தால் என்ன பாடு படுவாள்! ஆனால் சீர் என்று வந்ததைத் திருப்பி அனுப்பினால் சம்பந்தி வீட்டில் சண்டை. ராத்திரி முழுக்க யோசித்து, காலையில் ஒரு சட்டம் போட்டாள்.

"நாயைத் தொட்ட கை அடுக்களைக்குள்ள வரப்படாது. அடுக்களைக்குள்ள வார கை நாயைத் தொடப்படாது."

"தலை முழுகிட்டு வந்தா?" என்று கேட்டேன்.

"முழுகினாலும் அன்னைக்கு ஒரு பொழுது அடுக்களை கிடையாது."

புது மருமகள் அடுக்களைக்குப் போகாமல் இருக்க முடியுமா? அம்மாவும் போக வேண்டும். அப்பா பூஜை செய்கிறவர். "அப்ப நாயை யாரு பாக்கது?" என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். "சும்மா இருக்குத கை ஒண்ணு வீட்டுல இருக்குல்லா?"

எனக்கு நாய் என்றால் சின்ன வயசிலிருந்தே அருவருப்பு. அதன் நாக்கு, அதன் வாடை, அது தன்னையே நக்கிக்கொள்வது, எதுவும் பிடிக்காது. கல்யாணமான புதிதில் மனைவி தலையில் மல்லிகைப்பூ மணம் வரும் என்றுதான் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். எனக்கு மல்லிகையும் நாய் வாடையும் கலந்து வந்தது.

3

அப்பா ஒரு யோசனை சொன்னார். பிறந்ததிலிருந்து சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விடாதவர் அவர். தலைவலி, வயிற்றுவலி, கடன் தொல்லை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான்.

"நாத்தம்கது உடம்புச் சூடுலே. நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேச்சு, சீயக்காய் போட்டு ஊத்து. நாளைக்குச் சனிக்கிழமைதானே, எனக்குக் காய்ச்சுததுலயே கொஞ்சம் எடுத்துக்க."

அம்மா அடுக்களையிலிருந்து சத்தம் போட்டாள். "அது பொட்டை. பொட்டைக்கு யாராவது சனிக்கிழமை எண்ணெய் தேப்பாங்களா? குடும்பத்துக்கு ஆகுமா? வெள்ளிக்கிழமை தேயிங்க."

"அதுவும் சரிதான். வெள்ளிக்கிழமைன்னே வச்சுக்கிடுவோம்" என்று அப்பா ஒப்புக்கொண்டார்.

நாய்க்கு எதற்கு எண்ணெய் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எந்தக் கிழமை என்பது மட்டும்தான் பிரச்சினையாக இருந்தது. வேலம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. தன் நாய்க்கு மாமனார் வீட்டில் இவ்வளவு மரியாதையா என்று அழுகிறாள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயோடு கிணற்றடிக்குப் போனேன். வேலம்மாள் தண்ணீர் இறைத்து வாளியை நகர்த்தி வைப்பாள். நாயைத் தொட மாட்டாள். தொடுகிற வேலை முழுக்க என்னுடையது. காது மடலைத் திருப்பினால் கறுப்பாக ஒரு பிசின். விரல் இடுக்கில் ஆமணக்குக் கொட்டை பருமனில் உண்ணிகள். ஒன்று என் நகத்தில் பட்டு வெடித்தது. அது யார் ரத்தம் என்று நினைத்தாலே இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

எண்ணெய் தேய்த்தால் கொஞ்ச நேரம் ஊற வேண்டும் அல்லவா? தென்னை மரத்தில் கட்டிப்போட்டேன். எண்ணெயில் வழுக்கிக் கயிற்றிலிருந்து தலையை உருவிக்கொண்டு, தொழுவத்துக்குப் பின்னால் இருந்த உரக்குழியில் இறங்கிப் புரண்டது. மாட்டுச் சாணி, அழுகின வாழைப்பட்டை, எச்சில் இலை எல்லாம் அந்த எண்ணெயில் பூசினாற்போல ஒட்டிக்கொண்டன. அப்படியே பட்டாசலுக்குள் ஓடி, வெள்ளையடித்த சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு, வாலை ஆட்டியபடி அடுக்களை வாசலில் போய் நின்றது.

அம்மா கையில் இருந்த கரண்டியோடு வெளியே வந்தாள். "நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டுல வச்சாலும் அது வாலைக் குழைச்சுக்கிட்டு எங்க போகும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்றாள். மிச்சப் பழமொழியையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை, அதுவும் அடுக்களை வாசலில், அந்த வார்த்தை அம்மா வாயிலிருந்து வந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

இரண்டாம் தடவையும் குளிப்பாட்டினேன். சாணியும் எண்ணெயும் சீயக்காயும் சேர்ந்தால் கையில் வருகிற வழவழப்பு இருக்கிறதே, அது என் பகையாளிக்கும் வரக்கூடாது. வாழைமரத்துக்கு அப்பால் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் தேய்த்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பத்தில் புருஷன் பெண்டாட்டி பகலில் முகம் பார்த்துப் பேச இடம் கிடையாது. நாய் குளிப்பாட்டும் நேரத்தில் மட்டும் எங்கள் பக்கம் யாரும் வரவில்லை.

4

பிரின்ஸுக்குப் போன மாதம் லைசென்ஸ் எடுக்கப் போனேன். இங்கே நாய் வைத்திருந்தால் அதற்கு அனுமதி வாங்கிக் கழுத்தில் ஒரு பித்தளை வில்லை கட்ட வேண்டும். ஆபீஸில் சின்ன வயசுக் குமாஸ்தா ஒருவர், மலாய்க்காரர், மிகவும் மரியாதையானவர். நாயின் பெயர், நிறம், ஆணா பெண்ணா, எங்கே படுக்கும், யார் பொறுப்பு என்று கேட்டு எழுதினார். மலாயில் அவர் கேட்டதற்கு நான் எதையோ சொல்ல, என் வயதை நாயின் வயதாக எழுதிவிட்டார். பிறகு சிரித்துக்கொண்டே அடித்துத் திருத்தினார். அந்தக் காலையிலேயே வில்லை கைக்கு வந்துவிட்டது.

வெளியே வந்து அந்த வில்லையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாய் கசந்தது. வேலம்மாளை இந்த நாட்டுக்குக் கூட்டி வர நான் அனுமதி கேட்டு நடந்தது நாலு வருஷம். கல்யாணச் சான்று கேட்டார்கள். நம் ஊரில் தாலி கட்டியதற்கு யார் சான்று கொடுக்கிறார்கள்? அதைத் தயார் செய்தால், அதில் இருக்கும் பெயரும் சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரும் ஒன்று இல்லை என்றார்கள். ஒரு இடத்தில் அப்பா பெயர் முன்னால், ஒரு இடத்தில் பின்னால். நான்தான் நான் என்று நிரூபிக்கவே ஒரு வருஷம் போயிற்று. நாய்க்கு ஒரு காலைப்பொழுது. எனக்கு அந்த வில்லையைச் சாக்கடையில் எறிந்துவிடலாமா என்று இருந்தது. எறிந்தால் அபராதம்.

வீட்டுக்கு வந்தால், கோமதி நாய்க்கு முகப்பவுடர் போட்டு, சடையைச் சீவி ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். வேலம்மாளுடைய சீப்பு. அந்தச் சீப்பை அன்றைக்கே அடுப்பில் போட்டேன்.

5

ஆனி பிறந்து சாரல் இறங்கியது. தென்காசிக்காரர்களுக்கு அது சொர்க்கம். மலையிலிருந்து தூறலும் காற்றுமாக வந்து முகத்தில் அடிக்கும். ஆனால் வெயில் இல்லாத வீட்டில் ஈர நாய் ஒன்று இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேட்டி காயவில்லை, சுவர் காயவில்லை, சிட்டு காயவே இல்லை. ஊறல் பிடித்த கோணியும் புளித்த மோரும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். நான் வெள்ளிக்கிழமை மட்டும் குளிப்பாட்டியது போதாது என்று செவ்வாய்க்கிழமையும் குளிப்பாட்டினேன். நாற்றம் கூடியது. முதுகில் முடி கொட்டித் தோல் சிவந்தது.

அம்மா பொறுமை இழந்தாள். "ஆடிப் பதினெட்டுக்குள்ள இந்த நாத்தம் போகலைன்னா, ஏதாவது லாரியைப் பிடிச்சு ஏத்தி அனுப்பிருவேன். சீராவது கூராவது."

வேலம்மாள் எழுந்தாள். உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து சேலைகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். நாய் போனால் அவளும் போவாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆவணியில் நான் கப்பல் ஏறினால் மறுபடி எப்போது வருவேனோ தெரியாது. அதற்குள் அவள் பிறந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டால், பெரியவர்கள் ரோஷம் பேசிப் பேசியே எங்கள் கல்யாணத்தை முறித்துவிடுவார்கள். இரண்டு வீடும் அப்படிப்பட்ட வீடுகள்.

அப்பா கடைசி மருந்தைச் சொன்னார். "குத்தாலத்துக்குக் கொண்டு போலே. அருவித் தண்ணி பட்டா பைத்தியமே தெளியுது. நாய் நாத்தம் போகாதா?"

அந்தக் குற்றாலத்துத் தண்ணீர்தான் சிற்றாறாக எங்கள் ஊர் வழியாகவே ஓடுகிறது. அதைச் சொன்னால் அப்பா கேட்கவா போகிறார்? ஈர நாயைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டதால், நாங்கள் இரண்டு பேரும் நாயோடு மேலகரம் வழியாக நடந்தோம். கல்யாணமாகி நாங்கள் இரண்டு பேராக வெளியே போனது அதுதான் முதல் தடவை.

கரிசல் காட்டுப் பெண் அருவியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "இம்புட்டுத் தண்ணியும் சும்மாவா போகுது?" என்றாள். நானே மேலே ஏறி நின்று ஊற்றுகிற மாதிரி எனக்குப் பெருமையாக இருந்தது.

பெருமை நீடிக்கவில்லை. நாயோடு அருவிப் பக்கம் போனதும், உடம்பெல்லாம் எண்ணெய் வடிய நின்ற ஒரு பெரியவர் கத்தினார். "ஏலே, நாயைக் கொண்டுக்கிட்டு எங்கன வாரே? மனுசன் குளிக்குத இடம்லா இது!" நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். சரி என்று ஆற்றோடு கீழே இறங்கிப் போனோம்.

குற்றாலத்தைப் பாடுகிறவர்கள் யாரும் அந்த இடத்துக்கு வந்து பார்த்திருக்க மாட்டார்கள். மேலே சீசனுக்கு வந்த அத்தனை பேர் உடம்பில் தேய்த்த எண்ணெயும் அங்கே பாறை இடுக்கில் மஞ்சளாகத் தேங்கி நின்றது. சீயக்காய் நுரை, சோப்புத் தாள், கழற்றி எறிந்த கோவணம், தலைமுடிச் சுருள், பாதி தின்ற வடை. எங்கிருந்தோ ஒரு பல்செட்டுகூட வந்து கிடந்தது. முழங்கால் வரை அந்தத் தண்ணீரில் நின்று நாயின் மேல் கை கையாக அள்ளி ஊற்றினேன். எது எதைச் சுத்தம் பண்ணுகிறது என்றே எனக்கு விளங்கவில்லை. சிட்டு பல் கிடுகிடுக்க நடுங்கியது.

பாறையில் உட்கார்ந்திருந்த வேலம்மாள் திடீரென்று சொன்னாள்: "போதும், விட்டிருங்க. எங்க ஊர்ல நாயைக் குளிப்பாட்ட மாட்டாங்க."

"என்னது?"

"அது காட்டு நாயி. தண்ணி ஆகாது. வெயில்ல நிறுத்திச் சாக்குத் துண்டால அழுத்தித் தேச்சாப் போதும், அழுக்கும் போயிரும், நாத்தமும் வராது. நீங்க எண்ணெயைத் தேச்சுத் தண்ணியை ஊத்துததுனாலதான் இப்படி நாறுது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த தண்ணீரைக் கீழே விட்டேன். "இத்தனை நாளும் ஏன் சொல்லல? வாந்தி எடுத்து எடுத்துல்லா குளிப்பாட்டினேன்!"

அவள் பாறையில் நகத்தால் கீறிக்கொண்டே இருந்தாள். "சொல்லியிருந்தா, வெள்ளிக்கிழமை நீங்க கிணத்தடிக்கு வந்திருப்பீங்களா?"

எனக்குக் கோபமும் போகவில்லை, சந்தோஷமும் அடங்கவில்லை. அந்த நாற்றத் தண்ணீருக்குள் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நாய்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. சாரலுக்கு நடுவே வெயில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கிணற்றடியில் நிறுத்திச் சாக்குத் துண்டால் தேய்த்தேன். வேலம்மாள் யாருக்கும் தேவைப்படாத தண்ணீரை இறைத்து இறைத்து வாழைக்கு ஊற்றினாள். பத்து நாளில் நாற்றம் இறங்கிவிட்டது. "பாத்தியா, அருவித் தண்ணிக்கு உள்ள மகத்துவத்தை!" என்று அப்பா தெருவெல்லாம் சொன்னார். அதை நம்பி மேலத் தெருக்காரர் ஒருவர் தன் நாயைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய்விட்டு வந்தார் என்று கேள்வி. நாங்கள் வாய் திறக்கவில்லை. ஆவணியில் நான் கப்பல் ஏறினேன்.

6

அனுமதி கிடைத்து நான் திரும்பி வந்தது நாலு வருஷம் கழித்து. கோமதி பிறந்து நடந்து பேசிவிட்டாள். என்னைப் பார்த்ததும் நாய்க்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

வந்த அன்று சாயங்காலம் புறவாசலில் நான் பார்த்த காட்சியை மறக்க முடியாது. அம்மா படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் காலடியில் சிட்டு படுத்திருந்தது. அம்மா வலது காலுக்கு அடியில் சாக்குத் துண்டை வைத்து, நாயின் முதுகை முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள். "சவத்து மூதி, அந்தப் பக்கம் திரும்பு" என்றாள். அது திரும்பியது.

நான் போன பிறகு நாயைத் தேய்க்க ஆள் இல்லை. அது அடுக்களைக் கதவில் முதுகை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பெயிண்ட் போகிறதே என்று அம்மா காலை நீட்டியிருக்கிறாள். "கையாலதானே தொடப்படாது? காலுக்கு என்ன? தெருவுல நடக்குத காலுதானே" என்றாளாம். நாலு வருஷமாக இப்படித்தான்.

ஆனால் சிட்டுக்கு வயதாகிவிட்டது. கண் மங்கியிருந்தது. நான் வந்த பிறகு இறங்கிய சாரலில் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி வைத்து, தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது. தினமும் எடுத்தால்தான் அது பிழைக்கும். அந்த வேலை மறுபடி எனக்கு வந்தது. கொட்டாங்கச்சியில் மண்ணெண்ணெய் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுவேன். மண்ணெண்ணெய்க்குள் கிடந்து அவை காலை ஆட்டும். நாலு வருஷம் கழித்து ஊருக்கு வந்தவனுக்கு இதுதான் விருந்து.

கப்பலுக்கு நாள் நெருங்கியது. அனுமதிக்கு ஒரு கெடு இருந்தது. அதற்குள் இங்கே வந்து இறங்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து எழுதிப் போட வேண்டும். இன்னொரு நாலு வருஷம் ஆகுமோ என்னவோ, யாருக்குத் தெரியும்? அந்த நேரத்தில் வேலம்மாள் சொன்னாள்:

"நாயை யாரு பாப்பா? உண்ணியைக் காலால எடுக்க முடியாதுல்லா. அதுக்கு ஒரு வழி தெரியாம நான் கப்பல் ஏற மாட்டேன்."

அவள் அப்பா இறந்துபோயிருந்தார். அண்ணன் நிலத்தை விற்றுவிட்டுக் கோவில்பட்டிக்கு மில் வேலைக்குப் போய்விட்டார். திருப்பி அனுப்பவும் இடமில்லை.

"ஒரு நாய்க்காகவாட்டி?" என்று கத்திவிட்டேன்.

"நாய்க்காகத்தான். நீங்க இல்லாத நாலு வருசமும் ராத்திரி என் பக்கத்துல படுத்துக் கிடந்தது அதுதான். அதைப் புழுவுக்குப் போட்டுட்டு என்னால வர முடியாது."

அவள் சொன்னால் செய்கிறவள். அம்மாவிடம் இதை யாரும் பேசவில்லை. அடுக்களையை விட்டுக் கொடு, நாய்க்கு உண்ணி எடு என்று அம்மாவிடம் கேட்கக்கூடிய விஷயமா?

7

கிளம்புகிற நாள் விடிந்தது. பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டி வாசலில் வைத்தாயிற்று. என் பெட்டி, கோமதியின் பெட்டி. வேலம்மாளின் டிரங்குப் பெட்டி மட்டும் உள்ளே பூட்டாமல் கிடந்தது. நான் அவளிடம் பேசவில்லை. பேசினால் சண்டை வரும் என்று பயந்தேன். அவள் புறவாசலுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

கிணற்றடித் துவைகல்லில் அம்மா உட்கார்ந்திருந்தாள். முந்தானையை இழுத்து மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். மடியில் ஒரு கோணிச்சாக்கு. அதன்மேல் சிட்டின் தலை. இடது கையால் காதை மடக்கிப் பிடித்து, வலது கை விரலால் உண்ணியைப் பிடுங்கிக் கொட்டாங்கச்சியில் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் வேப்பங்காயைக் கடித்த மாதிரி இருந்தது. ஒவ்வொன்றைப் பிடுங்கும்போதும் "சீ, சீ" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து அடுத்ததைத் தேடினாள்.

எங்களைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னட்டி வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்குத? ரயிலுக்கு நேரமாகலியா? போயி உலையை வையி. நான் இன்னைக்கு அடுக்களைக்குள்ள வர முடியாதுல்லா."

வேலம்மாள் அங்கேயே விழுந்து அம்மா காலைத் தொட்டாள். அம்மா காலை இழுத்துக்கொண்டாள். "ஏட்டி, தொடாத! தொட்டா நீயும் போக முடியாது. யாரு சமைக்கது?"

நாலு வருஷம் கழித்து வந்த மகன், மறுபடி எப்போது வருவேனோ என்று கிளம்புகிற நாளில், அம்மா கையால் ஒரு வாய்ச் சோறு எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அது வருத்தம்தான். இன்றைக்கும் வருத்தம்தான். வேலம்மாள்தான் சமைத்தாள். அவள்தான் இலை போட்டு எனக்குப் பரிமாறினாள். அம்மா புறவாசல் படிக்கு இந்தப் பக்கம் வராமல், கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, அங்கே நின்றபடியே கழுத்தை நீட்டிப் பார்த்துச் சத்தம் போட்டாள்:

"இன்னும் ஒரு கரண்டி வையிட்டி அவனுக்கு. கப்பல்ல என்னத்தைக் கொடுக்கப் போறான்?"